தட்டினால் பாடும்: வானொலித் தட்டியல் குறித்த ஒரு முன்னாய்வு

பாடாத வானொலியைத் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் பாடும் என்பது நம் வீடுகளில் ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. தொல்காப்பியர் இதற்கு நூற்பா எழுதாதது, அவர் காலத்தில் வால்வு செட் இல்லாமையால் என்க. 1957-இல் விவித் பாரதி தொடங்கிய பிறகு வந்த புலவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

தட்டியலில் இரு பள்ளிகள் உண்டு. மேல்தட்டுப் பள்ளியினர் உள்ளங்கையால் பெட்டியின் உச்சியில் அடிப்பர், பெரும்பாலும் தாத்தாக்கள். பக்கத்தட்டினர் விரல்முட்டியால் ஓரத்தில் தட்டிவிட்டுக் காதை வைத்துப் பார்ப்பர். கரண்டிக் காம்பால் தட்டும் கிளைப்பிரிவொன்றும் உண்டு. குழம்பு கொதிக்கும் நேரத்தில் சிலோன் ரேடியோ நின்றுபோனால் வேறென்ன செய்வது?

தட்டு ஏன் பலிக்கிறது? வால்வு செட்டுக்குள் சூடு அதிகம். இ.எல். 84 போன்ற வால்வின் ஒன்பது கால்களும் சாக்கெட்டில் வெறுமனே செருகி நிற்பவை; சூடேறியும் ஆறியும் நாளடைவில் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டுப்போகும். ஈயப் பற்றும் அப்படித்தான். மேலே முழுசாகத் தெரியும், அடியில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். செட் கொஞ்ச நேரம் பாடும், சூடேறியதும் ஊமையாகிவிடும். பிரிந்த தம்பதியைப் பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைப்பது போலத் தட்டு விட்டுப்போன தொடர்பைச் சேர்த்துவைக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கதை.

இதுவரை பொழுதுபோக்கு. பணி ஓய்வுக்குப் பின் மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு, ‘பழைய ரேடியோ பழுது பார்க்கப்படும்’ என்று பலகை மாட்டிய அன்றுதான் சிக்கல் தொடங்குகிறது. சொந்த செட்டை யார் முன்னாலும் தட்டலாம். அடுத்தவர் செட்டைத் தட்டினால் அவர் முகம் சுண்டிப்போகிறது. அது பாடிவிட்டாலோ இன்னும் மோசம். “இதைத்தானே சார் நானும் வீட்ல பண்ணிட்டிருந்தேன்” என்று பர்ஸை உள்ளே வைத்துவிடுகிறார்.

ஆனாலும் பட்டறையில் தட்டாமல் முடியாது, முறைதான் மாறுகிறது. முதலில் செட்டுக்குத் தொடராக ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டி மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், அனேகமாகக் கிழட்டுக் கண்டென்சர். அதற்குத் தட்டு வைத்தியம் பலிக்காது. மங்கிவிட்டால் பல்பை விலக்கிவிட்டு, மூங்கில் குச்சியின் நுனியால் வால்வு வால்வாக, பற்றுப் பற்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். எதைத் தொட்டதும் ஸ்பீக்கர் கரகரக்கிறதோ அதுவே குற்றவாளி. உள்ளே 250 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடும். டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டில் சேசிஸே மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். ஆதலால் கரண்டிப் பிரிவினர் பின்மூடியைத் திறக்க இவ்வாய்வு அனுமதிக்கவில்லை.

பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கண்டென்சரில் தேங்கியதை வடியவிட்டு, பழைய ஈயத்தை எடுத்துப் புது ஈயம் வைக்க வேண்டும். அதற்குக் காசு கேட்கலாம். கூசாமல் கேட்கவும் வேண்டும். குச்சி மட்டும் வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவந்ததற்கு இதுவே காரணம் என்பது இவ்வாய்வின் துணிபு: “செட்டை வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு சாயங்காலம் வாங்க.”