கோலம் சாவி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கண்ட்ரோல் மாஸ்டர் இருப்பார். ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் மயிலும் யாளியும் வரைந்தவர். இப்போது ஜக்கார்டு அட்டைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறார். விண்டோஸில் மவுஸைத் தொடமாட்டார். அது கத்துக்குட்டிகளுக்காம். கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி, எஃப்2 என்று விரல் நாடா மாதிரி ஓடும்.

ஃபைலை எங்கே வைத்தார் என்பது வேறு விஷயம். ‘நியூ ஃபோல்டர் 2’க்குள் ‘நியூ ஃபோல்டர் 7’. அத்திவரதர் 2019-இல் எழுந்தருளினார், அடுத்து 2059 என்று கணக்காவது இருக்கிறது. மாஸ்டரின் பழைய டிசைன்களுக்கு அதுவும் கிடையாது.

இப்பேர்ப்பட்டவரிடம் அமெரிக்க மருமகன் தன் பழைய மேக்கைக் கொடுத்துவிட்டுப் போவார். மாஸ்டர் அன்றே எல்.கே.ஜி.க்குத் திரும்பிவிடுவார்.

கண்ட்ரோல் சாவி இருக்கும், காப்பி ஆகாது. அந்த வேலையைப் பார்ப்பது கமாண்ட் என்ற வேறொரு சாவி. அதன் மேல் நாலு மூலையிலும் சுழித்த ஒரு குறி. "சிக்குக் கோலம்! நம்ம வாசல்லேருந்து எடுத்திருக்கான்" என்பார். 1984-இல் மேக் வந்தபோது சூசன் கேர் என்ற பெண்மணி தேடிப்பிடித்த குறி அது, சுவீடனில் பார்க்க வேண்டிய இடங்களுக்கு வைக்கும் பலகையில் இருப்பது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சுவீடன்காரனுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" அத்தோடு அது கோலம் சாவி ஆயிற்று.

அடுத்தது என்டர். விண்டோஸில் என்டர் தட்டினால் ஃபைல் திறக்கும். மேக்கில் என்டர் என்றால் பெயர் மாற்று என்று அர்த்தம். ‘தாழம்பூ ரேக்கு’ என்ற கரை டிசைன் மேல் மாஸ்டர் தட்டினார், பெயர் நீலமானது. மறுபடி தட்டினார், நீலம் போனது. மூன்றாம் தடவை கோபத்தில் விரலெல்லாம் சேர்ந்து விழுந்தது. திறப்பதற்குக் கோலத்தோடு ஓ தட்ட வேண்டும் என்று பேத்தி வந்து சொல்வதற்குள் தாழம்பூ ‘ஜேகேஎல்’ ஆகிவிட்டது.

வெட்டி ஒட்டுவதில்தான் உண்மையான தகராறு. கோலம் எக்ஸ் அடித்தால் ஃபைல் அசையாது, டுங் என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

"தாத்தா, முதல்ல வெட்டக் கூடாது. கோலம் சி அடிச்சுட்டு, போற இடத்துக்குப் போய் கோலம், ஆப்ஷன், வி மூணையும் சேர்த்துத் தட்டுங்க. அங்க போய்ச் சேர்ந்தப்புறம்தான் இங்கேருந்து போகும்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இது பெட்னி இல்லையா? மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

சேலையில் உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால் பாவை மாற்றியாக வேண்டும். முந்திப் பாவின் இழையை உடல் பாவின் இழையோடு ஒவ்வொன்றாகக் கோத்து, கொஞ்சம் நெய்து, அது பிடித்துக்கொண்ட பிறகே பழையதை வெட்டுவார்கள். அதுதான் பெட்னி. முதலிலேயே வெட்டினால் தறியில் ஒன்றும் மிஞ்சாது. மூன்று சாவி சேர்த்துத் தட்டுவதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? இரண்டு பக்கமும் கோர்வைக் கரை என்றால் மூன்று நாடா.

கோலம் இசட் தட்டினால் பழைய பெயர் திரும்பிவிடும் என்று பேத்தி சொன்னாள். மாஸ்டர் ஒப்பவில்லை, அதற்குள் டிசைன் தறிக்குப் போய்விட்டதாம். காஞ்சிபுரம் பக்கம் வந்தால் ஜேகேஎல் கரை என்றே கேளுங்கள்.