'மற்றவை' பிரிவைச் சேர்ந்த ஒருவரின் விண்ணப்பம்

அனுப்புநர்
சொந்த வாகனம் இல்லாத பயணி,
அறை எண் 204, இரண்டாவது மாடி (லிஃப்ட் பழுது),
பேருந்து நிலையம் எதிரிலுள்ள லாட்ஜ்.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
உணவு விநியோகச் செயலி நிறுவனம்.
(தங்கள் முகவரியைச் செயலியில் தேடினேன். பிரியாணிதான் வந்தது.)

பொருள்: ஊர் ஊராகப் பேருந்தில் போகிறவர்களுக்கு இரவுச் சாப்பாடு கிடைக்க ஆவன செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: நேற்று இரவு 11.40 மணிக்குத் தாங்கள் என் கைப்பேசிக்கு அனுப்பிய 'பசிக்குதா?' என்ற செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட தங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், பசிக்கிறது. இந்தப் பதிலை அங்கேயே தட்டச்சு செய்து அனுப்பத் தாங்கள் வசதி வைக்கவில்லை. அதனால் விண்ணப்பமாக எழுத நேர்ந்தது.

நான் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. கோடை விடுமுறை முடிவதற்குள் மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆர்டர் பிடிக்க வேண்டும். ஒரு தோளில் துணிப்பை, இன்னொரு தோளில் மாதிரி நோட்டுகள். கார் வைத்திருப்பவர் போகிற வழியில் நல்ல கடையைப் பார்த்தால் ஓரங்கட்டிவிடுவார். பேருந்தில் போகிறவன் எங்கே சாப்பிடுவது என்பதை முடிவு செய்ய இந்த நாட்டில் இரண்டே பேருக்குத்தான் அதிகாரம். ஒருவர் ஓட்டுநர், இன்னொருவர் தாங்கள்.

ஓட்டுநரின் ஆட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் வண்டி எந்த மோட்டலில் நிற்கும் என்பது அவருக்கும் மோட்டல்காரருக்கும் இடையிலான விவகாரம். பயணியின் வயிற்றிடம் அதில் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அவருக்கும் நடத்துநருக்கும் உள்ளே தனி மேசை. நமக்கு வெளியே ஸ்பீக்கர் பாட்டு, காய்ந்த பரோட்டா, கழிவறை வாசலில் சில்லறை கேட்டுக் கை நீட்டும் ஒருவர். அந்த நேரத்தில் தங்களை நம்பிச் செயலியைத் திறந்தால், ஒரு ஸ்கூட்டர் பொம்மை சோகமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, 'தங்கள் இடத்தில் தற்போது சேவை இல்லை' என்கிறது. பொம்மைக்கு இருக்கும் வருத்தம்கூட மோட்டல்காரருக்கு இல்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

ரயிலில் போகிறவன் ஓரளவு கொடுத்து வைத்தவன். ஐ.ஆர்.சி.டி.சி.யின் இ-கேட்டரிங்கில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் எந்த வண்டி, எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்று பார்த்து, வழியில் வரும் ஸ்டேஷனில் பொட்டலம் கைக்கு வருகிறது. தங்கள் துறையின் பெரிய செயலிகளே 2023, 2024-ஆம் ஆண்டுகளில் அதில் கைகோத்தன. அரசு விரைவுப் பேருந்துக்கு முன்பதிவு செய்த டிக்கெட்டிலும் ஒரு பி.என்.ஆர். எண் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சன்னலோர இருக்கையைப் பெருமையாகப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சரி, வண்டியை விட்டு இறங்கிய பிறகாவது சாப்பிடலாம் என்றால், பேருந்து நிலையங்களை எல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சென்னைக்கு 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம், திருச்சிக்கு 2025-இல் பஞ்சப்பூர். நெரிசல் குறைய வேண்டும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைகளும் மெஸ்களும் மட்டும் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டன. அவற்றுக்கும் எனக்கும் நடுவில் உள்ள கிலோமீட்டர்களைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகத்தான் விளம்பரத்தில் சொன்னீர்கள்.

ஆனால் தங்கள் செயலி என்னை ஒரு வீட்டுக்காரனாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. முகவரி கேட்கும் இடத்தில் மூன்று கட்டங்கள்: வீடு, அலுவலகம், மற்றவை. நான் 'மற்றவை'. அடுத்து, டெலிவரி செய்பவருக்கு என்ன குறிப்பு சொல்ல வேண்டும் என்று கேட்கிறது. காலிங் பெல் அடிக்க வேண்டாமா? கதவருகே வைத்துவிட்டுப் போகலாமா? காவலாளியிடம் கொடுக்கலாமா? ஐயா, நான் நிற்பது பேருந்து நிலையத்தின் ஐந்தாவது பிளாட்ஃபாரம். இங்கே கதவும் இல்லை, காலிங் பெல்லும் இல்லை. காவலாளி ஒருவர் இருக்கிறார். அவரும் சாப்பிடவில்லை என்றே தெரிகிறது.

என்னைவிடப் பாவப்பட்ட 'மற்றவை'களும் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனை வாசலில் பாருங்கள். உள்ளே அப்பாவைச் சேர்த்துவிட்டு வெளியூரிலிருந்து வந்த மகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு நிற்பாள். வார்டு எண்ணைப் போட்டால் வரைபடம் பிணவறைப் பக்கம் குறி காட்டும். உணவு வந்துவிட்டதாகத் தகவல் வரும், உணவு வந்திருக்காது.

பேருந்து நிலையத்தில் வரைபடம் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு தொலைபேசி உரையாடலை அப்படியே சமர்ப்பிக்கிறேன்.

"சார், ஆர்டர் கொண்டாந்திருக்கேன். மேப்பு பாலத்துக்கு மேல நிக்கச் சொல்லுது."

"மேல வேணாம் தம்பி. கீழ இறங்கி ஆவின் பூத் பக்கத்துல வாங்க."

"ஆவின் பூத் ரெண்டு இருக்கு சார்."

"பூட்டியிருக்கிற பூத்."

"ரெண்டுமே பூட்டித்தான் சார் இருக்கு."

கடைசியில் நான் பையோடு அரை பர்லாங் நடந்தேன். அவர் ஒருவழிப் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைப்பேசி டார்ச்சை உயர்த்தி ஆட்டி ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தோம். செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்க, பழைய காலத்து ரயில்வே கார்டு மாதிரி விளக்கைக் காட்டிச் சோறு வாங்கினேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கணக்கு புரிந்தது. வாங்கியவனுக்கும் கார் இல்லை, கொண்டுவந்தவருக்கும் கார் இல்லை. தங்கள் வரைபடம் முடிந்துபோன இடத்திலிருந்து மிச்சத் தூரம் முழுவதையும் நாங்கள் இருவரும்தான் நடந்தோம். அந்தத் தூரத்துக்கான கட்டணம் மட்டும் எங்கள் இருவரிடமும் வராமல் தங்களிடம் ஒழுங்காக, வழி தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது.

கட்டணம் என்றதும் ரசீது நினைவுக்கு வருகிறது. மெஸ்ஸில் ஒரு விலை, தங்கள் செயலியில் ஒரு விலை. கேட்டால் தங்களுக்குக் கமிஷன் கொடுத்தாக வேண்டும் என்று மெஸ்காரர் கையை விரிக்கிறார். அதன் மேல் பேக்கிங். அதன் மேல் டெலிவரி. சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.யை 2022 ஜனவரி முதல் தாங்களே வசூலித்துக் கட்டுகிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டெலிவரிக்கு 18 சதவீதம். மெஸ்காரரின் சாம்பாருக்கு அரசாங்கம் போட்ட வரியைவிட, அது வந்து சேருவதற்குப் போட்ட வரி விகிதம் மூன்று மடங்குக்கும் மேல்.

இவற்றோடு 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்று ஒன்று. 2023-இல் இரண்டு ரூபாயாகத் தவழ்ந்து வந்த குழந்தை, 2025-இலேயே பத்தைத் தாண்டி நிமிர்ந்துவிட்டது. ரயில்வே பிளாட்ஃபாரம் டிக்கெட் இன்றும் பத்து ரூபாய்தான். அதற்கு இரண்டு மணி நேரம் நிற்க இடமும், தலைக்கு மேல் கூரையும், குடிக்கத் தண்ணீர்க் குழாயும் உண்டு. தங்களுக்குப் பணம் கட்டிய பிளாட்ஃபாரத்தில் நான் எங்கே நிற்பது என்று தெரிவித்தால் உபயோகமாக இருக்கும்.

மழை நாளில் மழைக் கட்டணமும் சேர்கிறது. நனைபவர் அந்தத் தம்பி. பணம் கட்டுபவன் நான். குடை பிடித்திருப்பவர் தாங்கள்.

உணவு வந்த பிறகு நடந்ததையும் தாங்கள் அறிய வேண்டும். கரண்டி, தட்டு வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்பதையே தயாராக டிக் செய்து வைத்திருக்கிறீர்கள். சுற்றுச்சூழல் மேல் தங்களுக்குள்ள அக்கறை கண்ணீரை வரவழைக்கிறது. லாட்ஜ் அறையில் இருந்தவை: ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மக், கட்டிலின் கீழே பழைய தினத்தந்தி. கவரில் கட்டி வந்த சாம்பாருக்கு நூல் முடிச்சு. அதன் மேல் ரப்பர் பேண்டு. அதற்கும் மேல் தங்கள் நிறுவனத்தின் 'பாதுகாப்பாகச் சீல் செய்யப்பட்டது' ஸ்டிக்கர். நகத்தால் கீறினேன், அவிழவில்லை. பல்லால் கடித்தேன். அவிழ்ந்தது, தலையணை உறையின் மேல் அவிழ்ந்தது. மறுநாள் காலையில் லாட்ஜ் மேனேஜர் தனியாக ஒரு கட்டணம் வாங்கினார். அவர் அதற்குப் பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று பெயர் வைக்கவில்லை, அந்த மட்டுக்கும் நேர்மையானவர்.

இன்னொரு நாள், உணவு வருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்கள். ரத்து செய்தேன். முழுத் தொகையும் ரத்துக் கட்டணம் என்று செயலி சொன்னது. சமைத்தவருக்குக் கூலி போக வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் இருபத்தைந்து நிமிடம் என்று ஆரம்பித்த நேரம், 'இன்னும் ஆறு நிமிடம்' என்ற இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த ஆறு நிமிடத்துக்கு ஓட்டுநரும் கட்டுப்படவில்லை, கடிகாரமும் கட்டுப்படவில்லை. அபராதம் எனக்கு.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களைத் தாங்கள் படித்திருப்பீர்கள். இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் உத்திகள் பதின்மூன்றை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் கடைசியில் காட்டுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டித் துரத்துவது என்று போகிறது பட்டியல். செய்யக்கூடாதவற்றின் பட்டியல் அது. கையேடு என்று நினைத்துத் தங்கள் அலுவலகத்தில் யாரும் வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லவும்.

சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் டெலிவரி ஊழியர்கள் சற்று உட்கார்ந்து எழுந்திருக்கக் குளிர்சாதன ஓய்வறை அமைத்தது. வேலை வாங்குவது தங்கள் நிறுவனம், நாற்காலி போடுவது மாநகராட்சி. ஊரார் கட்டும் வீட்டுவரியில் வாழும் நிறுவனம் என்று தங்களைப் பற்றி யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

ஆகவே, சமூகம் அவர்கள் கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்:

1. 'மற்றவை' என்ற கட்டத்தைப் பிரித்து, லாட்ஜ், பேருந்து நிலையம், மருத்துவமனை வார்டு, கல்யாண மண்டபம் என்று எழுதவும். பேருந்து நிலையத்துக்குப் பிளாட்ஃபாரம் எண்ணும், மருத்துவமனைக்கு எந்த வாசல் என்பதும் கேட்கவும்.

2. அரசுப் பேருந்தின் பி.என்.ஆர். எண்ணையும் மதிக்கவும். ஓட்டுநர் நிறுத்தும் இடத்தில் கொண்டுவந்து தரவும். மோட்டல்காரர் எதிர்ப்புத் தெரிவித்தால், அது தங்கள் சேவை வெற்றி பெற்றதற்கு அத்தாட்சி.

3. லாட்ஜுக்கு அனுப்பும் பொட்டலத்தில் ஒரு வாழை இலை வைக்கவும். கரண்டி தேவைப்படாது, சுற்றுச்சூழலும் கெடாது, தலையணை உறையும் பிழைக்கும்.

4. நடக்கும் தூரத்தில் திறந்திருக்கும் தள்ளுவண்டி இட்லிக் கடைகளை வரைபடத்தில் காட்டவும். இதில் தங்களுக்குக் கமிஷன் கிடைக்காது என்பதை அறிவேன். அதனால்தான் விண்ணப்பமாகக் கேட்கிறேன்.

5. மழைக் கட்டணம், காத்திருப்பு, வரைபடம் தவறியதால் நடந்த தூரம் ஆகிய மூன்றையும் கொண்டுவந்தவர் கணக்கில் முழுதாகச் சேர்க்கவும். என் பங்கு நடைக்கு எதுவும் வேண்டாம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

இக்கோரிக்கைகள் மீது நடவடிக்கை எடுக்கும்வரை, தினமும் இரவில் 'பசிக்குதா?' என்று கேட்பதையாவது நிறுத்தி உதவுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். கேட்பவர் ஒருவர் இருந்தால் பசி இன்னும் கூடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மற்றவை.

நகல்:
1. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் – தகவலுக்காக.
2. நெடுஞ்சாலை மோட்டல் உரிமையாளர்கள் – இப்போதைக்குப் பயப்பட வேண்டாம் என்பதற்காக.
3. பேருந்து நிலையப் பின்வாசல் இட்லிக் கடை அக்கா – தயவுசெய்து பதினொன்றரை வரை அடுப்பை அணைக்காதீர்கள். ஓர் ஆள் நடந்து வந்துகொண்டிருக்கிறேன்.