கேப்டன் குக் போட்ட ஊறல்

கேப்டன் ஜேம்ஸ் குக், ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்த தீவுகளையெல்லாம் தேடிப்போய்க் ‘கண்டுபிடித்தவர்’ என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நியூசிலாந்துக் காட்டோரம் அவர் ஊறல் போட்ட கதையை மட்டும் நைசாக விட்டுவிடுகின்றன.

1773 மார்ச் 26. ‘ரெசொலூஷன்’ கப்பல் நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையில் டஸ்கி சவுண்ட் என்ற இடத்துக்குள் நுழைகிறது. அதற்கு முன் 117 நாள் கரையே கண்ணில் படவில்லை. தெற்கே பெரிய கண்டம் இருக்கிறதென்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, பனிப்பாறைகளுக்கு நடுவே சுற்றியிருக்கிறார்கள். அன்றைய கடற்படைக் கணக்குப்படி மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் பீர் உண்டு. கிட்டத்தட்ட நாலரை லிட்டர். இவ்வளவு நீண்ட பயணத்துக்கு அத்தனை பீரைச் சுமக்க எந்தக் கப்பலாலும் முடியாது.

வந்து சேர்ந்த இடத்தில் மழை, மரம், மீன் மூன்றும் ஏராளம். கடித்துக் குதறும் மணல் ஈக்கள் அதைவிட ஏராளம். காய்கறி மட்டும் இல்லை. குக்குக்கு, காய்கறி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் என்றால் கிலி. ஆளுங்களைச் சாப்பிட வைப்பதில் அவர் பழைய காலத்து மாமியார் ரகம்: முந்தைய பயணத்தில் புது மாட்டிறைச்சி வேண்டாமென்ற இருவருக்குச் சவுக்கடி கொடுத்தவர்.

சரி, காய்கறிக்குப் பதிலாக பீர் காய்ச்சலாமென்றால் சரக்கறையில் என்ன மிச்சம்? மொலாசஸ் என்ற கரும்புக் கழிவுப்பாகு இருந்தது. அப்புறம், முளைகட்டிய பார்லிச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகு. ‘தண்ணீர் ஊற்றினால் பீர், பரிசோதித்துப் பாருங்கள்’ என்று மேலிடம் தலையில் கட்டி அனுப்பியது. வழியில் வெக்கை தாங்காமல் அது பீப்பாய்க்குள்ளேயே பொங்கி, மேல்தளத்துக்குக் கொண்டுபோய்க் காற்றாட வைக்கவேண்டிய நிலைமைக்கு வந்தது.

கரையில் ஒரு மரம். இன்று ரிமு என்கிறோம். குக் வருஷக்கணக்கில் நிலவரைபடம் போட்ட நியூஃபவுண்ட்லாந்தில் ஸ்ப்ரூஸ் மரக்கொப்பில் பீர் காய்ச்சுவது சர்வசாதாரணம். இதுவும் பார்க்க ஸ்ப்ரூஸ் மாதிரி இருக்கிறதே! அவ்வளவுதான் ஆராய்ச்சி. கப்பலில் தாவரவியல் படித்தவர்கள் இருந்தும் மரத்தைத் தேர்ந்தெடுத்தது கேப்டனின் கண்தான்.

பக்குவத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். சின்னச் சின்னக் கொப்புகளைப் பட்டை சுலபமாக உரியும்வரை மூன்று நான்கு மணி நேரம் கொதிக்க விடவேண்டும். கொப்பை எடுத்தெறிந்துவிட்டு மொலாசஸ் ஊற்றவேண்டும். 240 காலன் பீருக்கு 10 காலன் போதும். ஒரு கொதி வந்ததும் பீப்பாயில் ஊற்றி, சம அளவு பச்சைத் தண்ணீர் சேர்த்து, வெதுவெதுப்பானதும் பழைய பீரின் மண்டியோ ஈஸ்ட்டோ கொஞ்சம் போட்டால் சில நாளில் சரக்கு தயார். இரண்டு மூன்று ஊறலுக்குப் பிறகு அதுகூட வேண்டாம், பீப்பாயே பழகிவிடும். எந்த மலையடிவாரத்துக் காய்ச்சுக்காரரும் குறை சொல்ல முடியாத பக்குவம்.

முதல் ஊறல் ஒரே துவர்ப்பு. பாதிக்குப் பாதி மானுகா என்ற புதரின் இலையைச் சேர்த்தார்கள். முந்தைய பயணத்தில் டீ போட்டுக் குடித்த அதே இலை. அதன்பின் கப்பலே கொண்டாடியது. கப்பலில் வந்த ஸ்பார்மான் என்ற ஸ்வீடன்காரர் இதில் ரம்மோ சாராயமோ கொஞ்சம் விட்டு, நாட்டுச்சர்க்கரை போட்டுக் கலக்கினால் ஷாம்பெய்ன் மாதிரி இருக்கும் என்கிற அளவுக்குப் போய்விட்டார். காட்டிலே அவருக்கு யார் ஷாம்பெய்ன் ஊற்றி ஒப்பிட்டுக் காட்டினார்களோ!

நியூசிலாந்தில் காய்ச்சியதாகப் பதிவாகியுள்ள முதல் பீர் இதுதான். குக்குக்கு இது பீர் அல்ல, மருந்து. மூன்று வருஷப் பயணத்தில் அவர் கப்பலில் ஸ்கர்விக்கு ஒருவர்கூடச் சாகவில்லை. மாலுமிகளின் ஆரோக்கியத்தைக் காத்த விதம் பற்றிய கட்டுரைக்காக ராயல் சொசைட்டி 1776-இல் அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. முளைகட்டிய பார்லிச் சாறு மிகச் சிறந்த மருந்துகளில் ஒன்று என்று அந்தக் கட்டுரையில் குக் மெச்சியிருந்தார். உண்மையில் அந்தச் சாற்றில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பீரில் போட்ட இலையில் இருந்ததும் மணிக்கணக்கான கொதியில் போயிருக்கும். ஆட்களைக் காப்பாற்றியது, கரை கண்ட இடமெல்லாம் அவர் பிடுங்கி வரச்சொன்ன கீரை.

ஸ்கர்விக்கு எலுமிச்சை கேட்குமா என்று கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-லேயே மாலுமிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். கடற்படை அதற்கு உத்தரவு போட்டது 1795-இல். மாலுமிகள் அந்தச் சாற்றையும் ரம்மில் கலந்துதான் குடித்தார்கள்.