ஆணித்தரமாக ஒரு கோழிக்கூடு

நாலு நாட்டுக்கோழிக்கு ஒரு கூடு வேண்டும். ஆசாரியிடம் சொல்லியிருந்தால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார். படித்தவன் வீட்டில் காரியம் அவ்வளவு சுலபமாக நடந்துவிடலாமா? ஆணியா, ஸ்குரூவா என்று தீர்மானமாகாமல் ஒரு கட்டையையும் தொடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். கோழிகள் பஞ்சாரத்துக்குள் இருந்தன. அவற்றுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஆணி வளையும், லேசில் ஒடியாது. ஸ்குரூ ஒடியும், லேசில் வளையாது" என்று சாப்பிடும்போது அறிவித்தேன். பக்கவாட்டில் அழுத்தும் பாரத்தை ஆணி தாங்கும். பிடுங்கி இழுத்தால் ஸ்குரூதான் நிற்கும், மரை மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணிக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. மரம் மழையில் ஊறி வெயிலில் காய்ந்து சுருங்கச் சுருங்க, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை வெளியே நீட்டும். இத்தனையும் விளக்கியதற்கு மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சரிங்க, கோழி எந்தப் பக்கம் இழுக்கும்?" என்றாள்.

கோழி இழுக்காது. இழுப்பது தெருநாய். வலையை யு ஆணி அடித்து நிறுத்துவதுதான் வழக்கம்; நாய் பல்லால் பற்றி நாலு உலுக்கு உலுக்கினால் அது பெயர்ந்து வந்துவிடும். அகலமான வாஷர் போட்டு ஸ்குரூவால் இறுக்கினால் நாய் அடுத்த வீடு பார்க்கும். வலையும் அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழிவலையாக இருந்தால் போதாது. அது கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் சரி. நான் சொல்வதில் வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்பலாம்.

ஹார்டுவேர் கடையில் ஆணி கிலோ கணக்கு, ஸ்குரூ எண்ணிக்கைக் கணக்கு. கடைக்காரர் கறுப்பு ஸ்குரூ டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இது ஜிப்சம் போர்டுக்கு உள்ளதுங்க. பக்கத்தில் தட்டினால் பட்டென்று ஒடியும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். கோழி எச்சத்தில் அமோனியா வேறு இருக்கு. எஸ்.எஸ். எடுங்க" என்றேன். பின்னால் நின்ற கொத்தனார் ஒருவர் பயபக்தியோடு ஒதுங்கி நின்றார். விலையைக் கேட்டதும் என் உலோக ஞானம் சற்றே கீழே இறங்கி வந்தது. கீல், தாழ்ப்பாள், வலைக்கு மட்டும் எஸ்.எஸ். ஸ்குரூ, சட்டத்துக்கு ஜி.ஐ. ஆணி. கஞ்சத்தனத்தால் எட்டிய இந்த முடிவு, பொறியியல்படியும் சரியாகவே அமைந்துவிட்டது.

வாங்கி வந்ததை அலமாரியில் அளவு வாரியாக அடுக்கி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவி என்னைக் கேட்காமலே ஆசாரியை வரச்சொல்லிவிட்டாள். ரீப்பர் பிளக்காமல் இருக்க ஆணியின் முனையைத் தட்டி மழுக்கிக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே மழுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கீலை வைத்து, என் எஸ்.எஸ். ஸ்குரூவை நிறுத்தி, சுத்தியலால் கழுத்துவரை ஓங்கி இறக்கிவிட்டுத் திருப்புளியால் ரெண்டு சுற்று சுற்றினார்.

"என்ன ஆசாரி, துளை போட்டுத்தானே திருகணும்?"

"திருப்புளி கழட்டறதுக்கு சார்."

அடித்து இறக்கினால் மரத்தின் நார் கிழியும், மரைக்குப் பிடிமானம் இருக்காது, ஸ்குரூ வாங்கியதற்கே அர்த்தம் போய்விடும் என்று விரிவாக எடுத்துச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஸ்குரூவை என் மரியாதைக்காகக் கொஞ்சம் மெதுவாக அடித்தார்.