சுருட்டுப் பண்டிதர்

சிகரெட் பிடிப்பவரைக் கண்டால் இவருக்கு ஆகாது. "அது பழக்கம் சார், இது ரசனை" என்பார். புற்றுநோய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று யாராவது சொன்னால், "நான் உள்ளே இழுக்கிறதில்லையே" என்று வாயில் புகையைத் தேக்கிக் காட்டுவார். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. நிகோடின் ரத்தத்தில் ஏற வாயின் உட்தோலே போதும். இதை அவரிடம் சொல்ல முடியாது. அவர் பேசிக்கொண்டிருப்பார்.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மகள் அமெரிக்காவில். அவளைப் பார்க்கப் போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது பண்டிதராக வந்தார். பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை. வீட்டுக்குள் அதைவிடக் கடுமையான சட்டம் கல்யாணமான நாளிலிருந்தே அமலில் இருக்கிறது. எனவே அவருடைய ஆராய்ச்சி நிலையம், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் இடைப்பட்ட நான்கடி நிழல்.

சுருட்டுகள் தேவதாருப் பெட்டியில் தூங்குகின்றன. உள்ளே ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டுமாம். சென்னையில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே அது கிடைக்கும். இவரோ பெட்டியை ஏ.சி. அறையில் வைத்துக் காற்றைக் காயப்போட்டு, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரை விலைக்கு வாங்கி ஈரமாக்குகிறார்.

ஆரம்பத்தில் அவருடைய சித்தாந்தம் எளிமையானது. கறுப்பாக இருந்தால் காட்டம், காட்டமாக இருந்தால் கனம், கனமாக இருந்தால் உசத்தி. கடைசியில் "ஃபுல் பாடி" என்று முடிப்பார். வெளிர் நிறச் சுருட்டைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்: "அதெல்லாம் புதுசா பழகுற பிள்ளைங்களுக்கு."

இந்தச் சித்தாந்தத்தை உடைத்தவர், உறையூரிலிருந்து காது குத்துக்கு வந்திருந்த பெரியப்பா. இளமையில் சுருட்டு சுற்றியவர். உறையூர்ச் சுருட்டு லேசுப்பட்டதல்ல. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டுதான். சாம்பலை வைத்தே ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுவார். நம் பண்டிதருக்கு இந்தப் பெருமை தெரியும், விருந்தாளிகளிடம் சொல்லவும் செய்வார். வாங்க மட்டும் மாட்டார். விலை குறைவு.

பண்டிதர் கன்னங்கரேல் என்ற மதுரோ ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். பெரியப்பா நாலு இழுப்பு இழுத்தார்.

"எப்படி பெரியப்பா? தலையைச் சுத்துதா?"

"எதுக்குடா சுத்தணும்? வாய் நெறையப் பொகை வருது, ஒரு இனிப்பு இருக்குது. காட்டம் ஒண்ணுமில்லையே."

"இவ்ளோ கறுப்பா இருக்கே!"

"சிக்கரி போட்ட காப்பி கறுப்பா, கெட்டியாத்தான் இருக்கும். தூக்கம் போயிடுமா?"

மதுரோவின் கறுப்பு, மேலிலையை அதிக நாள், அதிகச் சூட்டில் புளிக்கவைப்பதால் வருவது; இனிப்பும் அப்படித்தான். காட்டம் என்பது நிகோடின். அது பெரும்பாலும் உள்ளே பொதிந்த இலையைப் பொறுத்தது. செடியின் உச்சியில் வெயில் குடித்துத் தடித்த இலையை லிகேரோ என்பார்கள்; நிகோடின் அதிகம் குடியிருப்பது அதில்தான். அடிப்பகுதியின் வொலாடோ நன்றாக எரியும், வேகம் கிடையாது. இவற்றை எந்தக் கணக்கில் கலந்து சுற்றியிருக்கிறார்கள் என்பதை வெளியே போர்த்திய ஓர் இலை சொல்லாது. கனம் வேறு சங்கதி: வாய்க்குள் புகை எவ்வளவு அடர்த்தியாக உட்காருகிறது என்பது. மணம் மூன்றாவது, கனெக்டிகட்டில் துணிப் பந்தலின் நிழலில் வளர்த்த மெல்லிய வெளிர் இலைக்குள்ளும் அது குடியிருக்கலாம். பெரியப்பாவுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. தேவைப்படவுமில்லை.

பண்டிதர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை, பெரியப்பா முன்னால் தன் வீரத்தைக் காட்ட, இளம்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருந்த வெளிர் நிறச் சுருட்டை எடுத்தார். "இதெல்லாம் வெறும் காத்து" என்று வெறும் வயிற்றில் தொடங்கினார். ஐந்தங்குல நீளம், ஓரங்குலத்தில் அறுபத்துநாலில் ஐம்பது பங்கு பருமன். உள்ளே முழுக்க லிகேரோ என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. எழுத்து பொடிசு, கண்ணாடி கீழே இருந்தது.

பாதி தாண்டவில்லை. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. பேச்சு நின்றது. அவரை அறிந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய அபாய அறிவிப்பு இல்லை. தண்ணீர்த் தொட்டியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். பெரியப்பா பதறாமல் கீழே குரல் கொடுத்தார்: "அம்மாடி, ஒரு கட்டி வெல்லம் எடுத்துக்கிட்டு வா தாயி." நிகோடின் தலைக்கேறினால் இனிப்பு கொடுப்பது சுருட்டுக்காரர்களின் பழைய கைவைத்தியம். வெல்லம் வந்தது, கூடவே வீட்டம்மாவும் வந்தார். காட்டத்தில் எது ஜாஸ்தி என்று அப்போது சொல்வது கஷ்டமாக இருந்தது.

மறுவாரமே பண்டிதர் புதுச் சித்தாந்தத்தோடு எழுந்தார். "கறுப்பைக் கண்டு ஏமாறக் கூடாது சார். ஸ்ட்ரெங்த் வேற, பாடி வேற, ஃப்ளேவர் வேற." ஏதோ ஹவானாவில் கண்டுபிடித்து வந்தவர் போலச் சொல்வார். உறையூர் பேச்சிலேயே வராது.

இப்போது அவருடைய முழுக் கவனமும் ஃப்ளேவர். கையில் ஒரு நோட்டு. முதல் மூன்றில் ஒரு பங்கு, நடு, கடைசி என்று பிரித்து எழுதுகிறார். மூக்கு வழியாகக் கொஞ்சம் புகையை விட்டால்தான் மணம் பிடிபடுமாம். விட்டுவிட்டுக் கண்ணீர் துடைத்தபடி எழுதுவார்: தோல், தேவதாரு, ஈர மண், உலர்ந்த புல், கிரஹாம் பிஸ்கட். இந்த பிஸ்கட்டை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அமெரிக்கப் பத்திரிகையில் அப்படி எழுதுகிறார்கள். அவர்கள் நாக்குக்கு அவர்கள் சமையலறை ஞாபகம் வருகிறது. இவருக்கோ சுக்கும் கருப்பட்டியும் வந்தாலும் வெளியே சொல்ல வெட்கம்.

"மாட்டுத்தொழுவ வாசனை" என்று ஒருநாள் பரவசப்பட்டார்.

"ஏங்க, அதுக்கு எட்டாயிரம் ரூபாயா? எங்க அம்மா வீட்டுக்கு வாங்கன்னா மட்டும் வர மாட்டேங்கறீங்க!" என்றார் வீட்டம்மா.

போன மாதம் நோட்டில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறது. ஏ.சி. பழுதான கோடையில் பெட்டிக்குள் புகையிலை வண்டு பொரிந்து, சுருட்டில் குண்டூசித் துளைகள் விழுந்திருந்தன. பண்டிதர் ஊரில் இல்லை. அரிசிக்கும் பருப்புக்கும் என்ன செய்வாரோ அதையே வீட்டம்மா இதற்கும் செய்தார்: காய்ந்த வேப்பிலை இரண்டு கைப்பிடி, நடுவே வசம்பு நாலு துண்டு. சுருட்டு பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து, பண்டிதர் வருகிற அன்று காலையில், அனைத்தையும் தட்டித் துடைத்து வைத்துவிட்டார்.

அன்று மாலை மாடியில் நெடுநேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தவர் எழுதியது இது: "மிதமான காட்டம். நடுத்தரக் கனம். மணத்தில் இதுவரை எந்தச் சுருட்டிலும் காணாத மூலிகைத் தன்மை. கசப்பு முடிவே இல்லாமல் நீள்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. மகளிடம் சொல்லி இன்னும் ஒரு பெட்டி."