வீலு வாங்கப் போற மாப்ளைக்கு

ஆங்கிள் கிரைண்டர் மெஷின் வாங்கிட்டியாமே மாப்ள! பொறையாறு கடைத்தெருவுலேருந்து அட்டைப்பெட்டியை மடியில வச்சுக்கிட்டே பஸ்ல வந்தியாமே. ரொம்ப சந்தோஷம். மெஷினைப் பத்தி அரை மணி நேரம் கடைக்காரரைக் கொடைஞ்சவன், வீலுன்னு வந்ததும், "இருக்கறதுல வெலை கம்மியா ஒண்ணு போடுங்க"ன்னு முடிச்சுட்டியாம். உன்னை மாதிரி நாலு பேரு இருக்கறதாலதான் அவரும் மாடி எடுத்துக் கட்டிக்கிட்டிருக்காரு.

அந்த ஒத்தை வீலை வச்சு நீ பண்ணின சாதனையைத்தான் இப்ப டீக்கடையில பேசிக்கிட்டிருக்காங்க. காலையில கான்கிரீட் கம்பி அறுத்தே. மத்தியானம் அதே வீலால டைல்ஸ். சாயங்காலம் சித்தப்பா வீட்டு மாடிப்படி எவர்சில்வர் கைப்பிடி. நல்லவேளையா கரண்டு போச்சு. இல்லேன்னா கொல்லையில கெடந்த தென்னங்கட்டைக்கும் அன்னைக்கே முகூர்த்தம் வச்சிருப்பே.

இந்த மெஷின் நேத்து மொளைச்சதில்லே மாப்ள. ஜெர்மனியில ஆக்கர்மன் ஷ்மிட்டுன்னு ஒரு கம்பெனி 1954ல கொண்டாந்தது. அதே 1954ல நம்ம மெட்ராஸ்ல முருகப்பா குழுமத்துக்காரங்க சாணைக்கல்லு பண்றதுக்கு கார்பரண்டம் யுனிவர்சலைத் தொடங்குனாங்க. ரெண்டுக்கும் உன் பெரியப்பா வயசு ஆவுது. கொஞ்சம் மரியாதையா நடந்துக்க.

வீலு மேல ஒட்டியிருக்கற காகிதத்தை நீ படிச்சிருக்க மாட்டே. கல்யாணப் பத்திரிகையிலயே சாப்பாடு எத்தனை மணிக்குன்னு மட்டும் பாக்கற ஆளு நீ. இனிமே படி. "ஏ"ன்னு எழுத்து ஆரம்பிச்சா அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்கு. "சீ"ன்னு ஆரம்பிச்சா சிலிக்கன் கார்பைடு, கல்லு, சிமெண்டுக்கு. பின்னாடி 24, 46, 60ன்னு வர்றது மணலோட பருமன். நம்பர் ஏற ஏற மணல் நைசு. கடைசியில பிஎஃப்னு இருந்தா பிசின்ல கட்டி உள்ள கண்ணாடி நார் வலை வச்சதுன்னு அர்த்தம். அந்தச் சிலிக்கன் கார்பைடு இருக்கே, அமெரிக்காவுல ஆச்சிசன்னு ஒருத்தர் 1891ல செயற்கை வைரம் பண்ணப் பாத்து, அது வராம இது வந்துச்சு. நீயும் ஒண்ணு பண்ணப் போயி இன்னொண்ணைக் கொண்டாற ஆளுதான். ஆனா உன்னுதை யாரும் காசு குடுத்து வாங்க மாட்டேங்கறாங்களே!

சரி, சித்தப்பா வீட்டுக் கைப்பிடிக்கு வருவோம். அதுல இப்ப பழுப்புப் புள்ளி பூத்துக் கெடக்கு. மட்டமான ஸ்டீலைத் தள்ளிவிட்டுட்டான்னு அவரு கடைக்காரனைத் திட்டறாரு. நீயும் பக்கத்துல நின்னு, "ஆமா சித்தப்பா, காலம் கெட்டுப்போச்சு"ன்னியாம். அடேயப்பா! கம்பி அறுத்தப்ப வீலுல ஒட்டுன இரும்புத்தூளை அந்த ஸ்டீலு மேல தேச்சு ஏத்துனது யாரு, காலமா? ஸ்டீலு துருப்புடிக்காம இருக்கறதுக்குக் காரணம் மேல இருக்கற கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். அதுல இரும்புத்தூளு பதிஞ்சா மொதல்ல அந்தத் தூளு துருவேறும், அப்புறம் அடியில இருக்கற ஸ்டீலையும் கெடுக்கும். இதே வேலையை மாயவரத்துல பண்ணியிருந்தா கொஞ்ச நாளைக்கு நல்ல பேரோட இருந்திருப்பே. இங்க தரங்கம்பாடியில உப்புக்காத்து. 1306ல பாண்டியன் கட்டுன மாசிலாமணிநாதர் கோயிலையே முன்பக்கம் அலை கொண்டுபோயிட்டு. உன் கைவேலைக்கு என்ன தயவு தாட்சண்யம் காட்டப்போவுது?

அதனால ஸ்டீலுக்குன்னு தனி வீலு. இரும்பு, கந்தகம், குளோரின் சேக்காததுன்னு காகிதத்துல போட்டிருக்கும், ஐநாக்ஸுன்னும் எழுதியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கனத்துல எடு. சன்ன வீலு சீக்கிரம் அறுக்கும், சூடு கம்மி. அழுத்திப் பிடிச்சு ஸ்டீலு நீலம் பூத்துடுச்சுன்னா அழகா இருக்குன்னு போட்டோ புடிக்காதே. குரோமியப் படலம் கெட்டுப்போன எடம் அது, துரு அங்கதான் மொதல்ல வரும். வெல்டிங் தையலை மட்டம் பண்ண 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கு, மெருகுக்கு 120. கம்பி பிரஷ் போட்டாலும் எவர்சில்வர் கம்பி பிரஷ்தான். வீலு மேல பச்சை பெயிண்ட்டுல ஒரு பொட்டு வச்சுடு. பொட்டு வச்ச வீலு இரும்பைத் தொடக்கூடாது. உங்க வீட்டுல இந்த ஒரு சட்டமாவது நீ போட்டதா இருக்கட்டும்.

அடுத்தது போட்டு. சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில கட்டுமரம் கொறைஞ்சு ஃபைபர் போட்டு பெருகிப்போச்சு. அணியத்துல விரிசல்னு சொன்னதும் நீ ஆறு மில்லிமீட்டர் கிரைண்டிங் வீலைத் தூக்கிட்டு ஓடினியாம். அது இரும்பைத் தேய்க்கறது. ஃபைபர்ல வச்சா பிசின் சூடேறிக் கருகி, வீலு அடைச்சுக்கிட்டு, வழவழன்னு ஒரு பளபளப்பு வரும். அந்தப் பளபளப்பு மேல புது ரெசின் ஒட்டாது. பாத்தவன் "வேலை சுத்தமா இருக்கு"ம்பான். கடலுக்குள்ள போனப்புறம்தான் சுத்தம் தெரியும். 36, இல்லேன்னா 40 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கு போடு. மொதல்ல உப்புத் தண்ணி போக நல்ல தண்ணியில கழுவி, வெயில்ல நல்லாக் காய விடு. விரிசலைச் சுத்தி நல்லா அகலமா, சரிவா தேச்சு எடு. பள்ளம் சொரசொரன்னு இருக்கணும். அதுக்கு மேலதான் கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்கா ஏறும்.

கருதறுத்த ஆளுதானே நீ, வைக்கோல் சுணை தெரியும். ஃபைபர் தூளு அதுக்கு மூத்த அண்ணன். காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு, முழுக்கை சட்டை போடு, மூக்குக்குத் துண்டு போதாது, தூசி முகமூடியே வாங்கு. மெஷினுக்கு ஆயிரக்கணக்குல குடுத்தவன் முகமூடிக்குப் பேரம் பேசினேன்னு கேள்விப்பட்டேன். பேசு. நுரையீரலுக்கு யாருகிட்ட பேரம் பேசுவேன்னு பாக்கறேன்.

டைல்ஸ், சுவரு, கல்லுக்கெல்லாம் வைர பிளேடு. டைல்ஸுக்கு விளிம்பு முழுசா இருக்கறது, தண்ணி ஊத்தி அறுக்க. ஆனா கைமெஷின் மேல சொம்பைக் கவுத்து ஊத்திப்புடாதே, கரண்டு உன்னை மாப்ளைன்னு பாக்காது. அதுக்குன்னு தண்ணிக்குழா வச்ச கட்டரு இருக்கு. சுவத்துல பைப்புக்குக் காடி எடுக்க விளிம்பு வெட்டு வெட்டா இருக்கற பிளேடு. அம்புக்குறி பாத்து மாட்டு. கொஞ்ச நாள்ல அறுக்காம வழுக்குதுன்னா பிளேடு செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதே. நாட்டுச் செங்கல்லுல நாலு தடவை அறு, தேஞ்ச பூச்சு கழண்டு புது வைரம் தலை காட்டும். அதுக்காக வைரம்தானேன்னு கம்பியில வைக்காதே. சூடேறுன இரும்பு வைரத்தைத் தின்னுடும்.

கோட்டைப் பக்கம் பழைய வீட்டுக்காரரு ஒருத்தரு செங்கல் சந்துல சுண்ணாம்புப் பூச்சு மாத்த உன்னைக் கூப்புட்டிருக்காராம். அங்க மட்டும் மெஷினை வீட்டுலயே விட்டுட்டுப் போ. டேனிஷ்காரன் 1620ல கோட்டை கட்ட ஆரம்பிச்ச ஊரு. சுண்ணாம்புச் சந்தை இந்த மெஷின்ல கீறுனா சந்தோட நிக்காது, பக்கத்துச் செங்கல்லுல ஏறி விளிம்பைப் பேத்துடும். அங்க உளியும் சுத்தியும்தான். மெதுவா நடக்கும். கூலியும் நாள் கணக்குலதானே, உனக்கு என்ன கசக்குதா?

மரத்துக்கு இந்த மெஷினே வேணாம். பல்லு வச்ச வட்ட பிளேடு ஒண்ணு நாலு இஞ்சு சைசுல விக்கறான். அது மரத்துல மாட்டுன நொடியில மெஷின் உன்மேல பாயும். தென்னங்கட்டைக்கு ரம்பம் இருக்கு.

இன்னொரு சேதியும் காதுல விழுந்துச்சு. பெரிய வீலு சீக்கிரம் அறுக்கும்னு ஏழு இஞ்சு வீலை நாலு இஞ்சு மெஷின்ல, துளை பொருந்தாம வாசர் சொருகி மாட்டுனியாமே. அடடா, என்ன மூளை! ஏழு இஞ்சு வீலு மேல 8,500 சுத்துன்னு போட்டிருக்கான். உன் மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுத்துது. அப்ப விளிம்பு மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல போவும். மாயவரம் வழியாப் போற சோழன் எக்ஸ்பிரஸ் அந்த வேகத்தைக் கனவுலயும் கண்டிருக்காது. வீலு ஒடைஞ்சா துண்டு அந்த வேகத்துல வரும், உன் மூஞ்சிக்கு நேரா. நாலு இஞ்சு வீலு 15,300 வரைக்கும் தாங்கும், அதையே மாட்டு. நடு வளையத்துல காலாவதியாகற மாசமும் வருஷமும் பொறிச்சிருக்கும். அது தாண்டுனா பாதி வெலைக்குக் குடுத்தாலும் வேணாம். பிசின் ஈரம் குடிச்சு நொந்துபோகும், நம்ம ஊரு காத்துல இன்னும் வேகமா. ஈரமில்லாத எடத்துல தட்டையா அடுக்கி வை. அறுக்கற சன்ன வீலோட பக்கவாட்டுல வச்சுத் தேய்க்காதே, அதுக்கு இடுப்பு பலம் கெடையாது.

புது வீலு மாட்டுனா ஒரு நிமிஷம் சும்மா ஓட விடு, நீ ஒதுங்கி நில்லு. கண்ணாடி போடு. அப்புறம் வீலை மூடற அந்தக் கார்டு. பெட்டியிலேருந்து எடுத்தன்னைக்கே இடைஞ்சலுன்னு கழட்டுனியே, அது எங்கேன்னு எனக்குத் தெரியும். உங்க வீட்டுத் திண்ணையில கொசுவத்தி வைக்கற தட்டா கெடக்கு. போயி சாம்பலைத் தட்டிட்டு எடுத்து மாட்டு. கொசுவத்திக்கு நான் வேற தட்டு தர்றேன், காசு வேணாம்.