வழவழ சுவருக்கு வம்பான கேள்விகள்

கே (மதுரை): ஒசத்தியான எமல்ஷன் வாங்கி அடித்தும் சுவர் மேடு பள்ளமாகவே இருக்கிறது. பெயின்ட் போலியோ?

ப: பெயின்ட் அசல்தான், பட்டிதான் பற்றவில்லை. ரெண்டு கோட்டு எமல்ஷன் காய்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அது எந்தப் பள்ளத்தை நிரப்பும்? வழவழப்பைக் கடையில் விற்பதில்லை, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கே (திருச்சி): பிரைமர் பட்டிக்கு முன்னாலா, பின்னாலா? எங்கள் பெயின்டரும் கொத்தனாரும் கைகலப்பு வரை போய்விட்டார்கள்.

ப: விலக்கிவிடுங்கள், ரெண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. வெள்ளை சிமென்ட் பட்டியா? சுவரை நனைத்து நேராக இழுக்கலாம். அக்ரிலிக் பட்டியா? முதலில் பிரைமர். எதுவானாலும், பட்டியைத் தேய்த்த பிறகு பெயின்டுக்கு முன்னால் ஒரு பிரைமர் கட்டாயம். அது இல்லாவிட்டால் பட்டி, பெயின்டின் ஈரத்தைக் குடித்துவிடும். சுவர் திட்டுத் திட்டாக நிற்கும்.

கே (சேலம்): பகலில் அழகாக இருக்கும் சுவர், ராத்திரி விளக்குப் போட்டால் அலை அலையாகத் தெரிகிறதே?

ப: பகல் வெளிச்சம் பெரும்பாலும் எதிரே விழும். சுவர் விளக்கு, சுவரை ஒட்டிப் பாயும். மயிரிழை மேட்டுக்கும் நிழல் விழுந்துவிடும். ஆகவே பட்டி தேய்க்கும்போதே ஒரு பல்பைச் சுவரோரம் பிடித்துப் பாருங்கள். குறை தெரிகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு மறுபடி பட்டி வையுங்கள். காய்ந்ததும் 180, பிறகு 220, கடைசியில் 320 உப்புத்தாள். எண் ஏற ஏறத் தாள் நைசாகும். தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்ப்பது முக்கியம். வெறும் விரலால் தேய்த்தால் விரல் போன வழியெல்லாம் வாய்க்கால். "பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடும் சார்" என்பார்கள். மறையாது. கூலியைப் பிடிக்காதீர்கள், பல்பைப் பிடியுங்கள்.

கே (ஈரோடு): ஹாலுக்குப் பளபளப்பா, மேட்டா?

ப: சுவர் யோக்கியமானால் பளபளப்பு. இல்லையென்றால் மேட். முன்னது கோள் சொல்லும், பின்னது ரகசியம் காக்கும்.

கே (கும்பகோணம்): குளியலறையை ஒட்டிய சுவரில் மூன்று முறை பட்டி பார்த்தும் உதிர்கிறது. எந்தப் பட்டி நல்லது?

ப: பிளம்பர்.

கே (காரைக்குடி): எங்கள் பழைய வீட்டுச் சுவர் பெயின்டே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எப்படி?

ப: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, பொறுமை. மூன்றாவதுதான் இப்போது கிடைப்பதில்லை. பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றி, கடைசிப் பூச்சை வழவழக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சென்னைக்கு வந்த ஐரோப்பியர்கள் இந்த வேலையைச் சலவைக்கல்லோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷனை அடித்துவிடாதீர்கள்! சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தைத் தானே வெளியே விடும். படலம் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சைப் பெயர்த்துவிடும். கை பட்ட அழுக்கா? ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள், போதும்.

கே (நாகர்கோவில்): ரோலர் போட்டால் பட்டை பட்டையாக விழுகிறது.

ப: முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். முன்பு ஓட்டிய விளிம்பு காய்வதற்குள் அடுத்ததைச் சேர்த்துவிட வேண்டும். ஒரு சுவரைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் டீ.

கே (வேலூர்): பழைய எனாமலைச் சுரண்டித் தேய்த்துவிட்டுப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா?

ப: உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் தூசியில் ஈயம் இருக்கலாம். குழந்தையின் மூளைக்கு அது பகை. நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்து துடைக்கும்வரை பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும். பாட்டிக்கும் சந்தோஷம்.

கே (சென்னை): நாளை மறுநாள் கிரகப்பிரவேசம். பட்டி இன்னும் காயவில்லை. என்ன செய்வது?

ப: விசேஷத்தை நடத்துங்கள், பெயின்டைத் தள்ளிப்போடுங்கள். வெள்ளைப் பட்டிச் சுவரில் மாவிலைத் தோரணம் எடுப்பாகவே இருக்கும். முகூர்த்தம்தான் காத்திருக்காது, பெயின்டர் எப்படியும் அடுத்த வாரம்தானே வருவார்?